பாட்டு கேட்க எந்த ஆப்? எங்கள் வீட்டில் போட்ட கணக்கு

பேருந்தில் இடம் கிடைத்து, ஹெட்போனை மாட்டி, ஒரு பாட்டைப் போட்டு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, வீட்டிலிருந்து போன் வரும். "ஏன்டா, சுசீலா பாடிக்கிட்டே இருந்தா, பாதியில நின்னுடுச்சே!" தனி ஆளுக்கான சந்தா என்றால் ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் பாடும் என்று அம்மாவிடம் பலமுறை சொல்லிவிட்டேன். "காசு கட்டுறோம்ல?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வருடச் சந்தா முடியப்போகிற வாரத்தில், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு 1950-களிலிருந்து 70-கள் வரையிலான சினிமாப் பாட்டும், விடிந்ததும் பக்திப் பாட்டும் வேண்டும். எனக்கு இளையராஜாவும் கர்நாடக சங்கீதமும். பதினொன்றாவது படிக்கும் மகளுக்கு அனிருத், கொரியப் பாட்டு, அப்புறம் அந்த வாரம் எது ஓடுகிறதோ அது. மனைவிக்கு காரில் எஃப்.எம். போதும். "எனக்கும் சேர்த்து நீங்களே குழம்பிக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இணையத்தில் இருக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் விலையில் ஆரம்பித்து ஒலித்தரத்தில் முடிகின்றன. தமிழ்ப் பாட்டு கேட்கிறவர்களுக்கு அந்த இரண்டும் அப்புறம்தான் என்பது என் கட்சி. தேடினால் கிடைக்கிறதா, கிடைத்தது நாளைக்கும் இருக்குமா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேடுவதிலிருந்தே தொடங்குகிறேன். அம்மா "ஜெமினி பாட்டு ஒண்ணு போடு" என்பார். நம் ஊரில் பழைய பாட்டு நடிகர் பெயரில்தான் மனதில் நிற்கிறது: எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு, ஜெமினி பாட்டு. ஜெமினிக்கு பி.பி.ஸ்ரீநிவாஸும் ஏ.எம்.ராஜாவும் பாடினார்கள் என்பதெல்லாம் அடுத்த பேச்சு. ஸ்வீடனில் பிறந்த ஸ்பாட்டிஃபைக்கு இந்தக் கணக்கு புரியாது. அதன் உலகத்தில் பாடுகிறவர் கலைஞர், அவர் வெளியிடுவது ஆல்பம், அவ்வளவுதான். வாயசைத்தவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. பாட்டெழுதிய கண்ணதாசனுக்கு உண்டு, ஆனால் மூன்று புள்ளியைத் தொட்டு 'கிரெடிட்ஸ்' என்ற கதவைத் திறந்தால்தான் உள்ளே உட்கார்ந்திருப்பார். ஜியோசாவன் போன்ற உள்ளூர் ஆப்களில் நடிகர் பெயரை அடித்தாலே தொகுப்புகள் வந்து விழும். இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்கள் நம்மை அறிந்தவர்கள்.

அடுத்த தொல்லை எழுத்துக்கூட்டல். பாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரே 'ழ'வுக்கு ஒருவர் 'இசட் ஹெச்' போட்டிருப்பார், இன்னொருவர் வெறும் 'எல்'லோடு முடித்திருப்பார். நெடிலுக்கு ஒரு 'ஏ'வா இரண்டு 'ஏ'வா என்பது ஏற்றியவரின் மனநிலையைப் பொறுத்தது. எஸ்.பி.பி.யின் முழுப்பெயரையே பல விதமாக எழுதியிருக்கிறார்கள். இளையராஜாவுக்கு ஒரே ஆப்பில் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் தனித்தனிப் பக்கங்கள் இருக்கும். ஒரு பக்கத்தைப் பின்தொடர்ந்தால் மறுபக்கத்தில் இருப்பது நமக்குத் தெரியவே தெரியாது. ஆண்டும் அப்படித்தான். 1960-களில் வந்த பாட்டுக்கு, அதைத் தொகுப்பில் சேர்த்து ஏற்றிய வருடத்தைப் போட்டுவைத்திருப்பார்கள். அறுபதுகளின் பாட்டை மட்டும் வரிசையாகக் கேட்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

இளையராஜா பாட்டு சிதறிக் கிடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்கோ, அகி என்று பல நிறுவனங்களோடு அவருக்கு இருந்த உரிமைத் தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. உரிமை கைமாறும்போது பாட்டும் இடம் மாறுகிறது. ஒரே பாட்டு மூன்று வெளியீட்டாளர்கள் பெயரில் மூன்று தடவை இருக்கும். அதில் ஒன்றை நம் பட்டியலில் சேர்த்து வைத்திருப்போம். ஒருநாள் அது மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிப்போகும். பாட்டு ஆப்பில் இருக்கும், நம் பட்டியலில் இருக்காது. பழைய பாட்டுக்காரர்களுக்கு அந்தக்கால எச்.எம்.வி.யான சரிகமதான் களஞ்சியம். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். சரிகமவோடு அதற்கு உடன்பாடு ஏற்பட்டது 2020-ல்தான். அதுவரை அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த ஆப்பில் பெரிதாக வேலை இருந்திருக்காது.

இவ்வளவு புலம்பலுக்கு நடுவே ஒரு சந்தோஷத்தையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களாக அம்மாவின் தலைக்குள் ஒரு மெட்டு சுற்றிக்கொண்டிருந்தது. வரி நினைவில்லை, படம் நினைவில்லை. கூகுளில் முணுமுணுத்துத் தேடும் வசதி 2020-லேயே வந்துவிட்டது என்றாலும் எனக்குத் தோன்றவில்லை, மகளுக்குத்தான் தோன்றியது. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "பாட்டி, லா லான்னு பாடு" என்றாள். முதல் இரண்டு முறை சம்பந்தமில்லாத இந்திப் பாட்டு. மூன்றாவது முறை சரியாக வந்து நின்றது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்புக்கு எத்தனை மாதச் சந்தா வேண்டுமானாலும் கட்டலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. பில் வந்தபோது தோன்றவில்லை, அது வேறு.

கர்நாடக சங்கீதத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். இலவசமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆப்பில், ஒரு முழுக் கச்சேரியைப் போட்டேன். ஷஃபிளில்தான், அதாவது வரிசையைக் கலைத்துத்தான் ஓடும் என்றது. முதலில் மங்களம் வந்தது. அப்புறம் தனி ஆவர்த்தனம். கச்சேரி தொடங்க வேண்டிய வர்ணம் வந்தபோது அரை மணி நேரம் கடந்திருந்தது. "மங்களம் பாடியாச்சுன்னா எழுந்து போகவேண்டியதுதானே?" என்றார் அம்மா. இன்னொரு நாள் தோடி ஆலாபனை மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற விளம்பரம் ஒன்று உச்சஸ்தாயியில் குறுக்கே வந்தது. சங்கீதம் கேட்கிறவர்கள் இலவசத் திட்டத்தின் பக்கமே போகக் கூடாது. இதில் ஒப்பிட எதுவும் இல்லை.

தோடி என்று தேடினால் இந்துஸ்தானித் தோடியும் கலந்து வரும். பெயர் ஒன்று, ராகம் வேறு என்று ஆப்புக்கு யார் சொல்வது? ராகம், தாளம், இயற்றியவர் என்று தனிக் கட்டங்களே இல்லாததால், எல்லாவற்றையும் பாட்டின் பெயரிலேயே திணித்துவைத்திருக்கிறார்கள். திணிக்கத் தெரியாதவர்கள் விட்டுவிட்டிருக்கிறார்கள். மேற்கத்திய செவ்வியல் இசைக்காக ஆப்பிள் 2023-ல் தனி ஆப்பே வெளியிட்டது. அதில் இயற்றியவர், படைப்பு, இசைக்குழு நடத்துபவர் என்று எதை வைத்தும் தேடலாம். அதைத் திறந்து பார்த்தபோது கல்யாண வீட்டில் அடுத்த பந்தியின் இலையைப் பார்ப்பது போல இருந்தது. நமக்கு சங்கீதப்ரியா மாதிரி ரசிகர்கள் சேர்ந்து லாபநோக்கில்லாமல் நடத்தும் தளங்களும், யூடியூபில் யாரோ ஒரு புண்ணியவான் ராகம் தாளத்தோடு ஏற்றிவைத்திருக்கும் கச்சேரிகளும்தான் கதி. உண்மையில் அந்தப் புண்ணியவான்களால்தான் என் கணக்கு யூடியூப் பக்கம் சாய ஆரம்பித்தது.

பாடுகிறவருக்கு என்ன போகிறது என்பதையும் நினைத்துப் பார்த்தேன். நாம் கட்டும் பணம் நாம் கேட்டவருக்கு நேராகப் போவதில்லை. எல்லோர் பணமும் ஒரு பானையில் விழுந்து, மொத்தத்தில் யார் எத்தனை முறை கேட்கப்பட்டார் என்ற விகிதத்தில் பிரிகிறது. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால் ஒரு கணக்கு. நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியும் ஒரு கணக்கு, மூன்று நிமிடக் குத்துப்பாட்டும் ஒரு கணக்கு. 2024-லிருந்து, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே இல்லை. வித்வானுக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டுமென்றால் சபாவில் டிக்கெட் வாங்கிப் போய் உட்காருவதுதான் வழி. இதில் எந்த ஆப்பும் இன்னொன்றைவிடப் பெரிதாக உயர்ந்ததில்லை என்பதால் என் முடிவுக்கு இது உதவவில்லை.

ஒலித்தரம் பற்றிக் கொஞ்சம். ஆப்பிள் மியூசிக் 2021-ல் லாஸ்லெஸ் தரத்தை, அதாவது பதிவிலிருந்த ஒலி எதையும் இழக்காத தரத்தை, கூடுதல் காசில்லாமல் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை வருடக்கணக்கில் காக்கவைத்து 2025-ல் கொண்டுவந்து, இந்தியாவில் அதை மேல்தட்டுத் திட்டத்தில் வைத்தது. யூடியூப் மியூசிக்கில் லாஸ்லெஸ்ஸே கிடையாது, அதிகபட்சமே 256 கேபிபிஎஸ்தான். கேட்க ஆப்பிள்தான் சிறந்தது போலத் தெரியும். ஆனால் நம்மில் பலர் கேட்பது ப்ளூடூத் ஹெட்போனில். அது லாஸ்லெஸ்ஸை அப்படியே கடத்தாது. ஆப்பிள் சொல்லும் கணக்கின்படியே, மூன்று நிமிடப் பாட்டு சாதாரண உயர்தரத்தில் 6 எம்பி, லாஸ்லெஸ்ஸில் 36 எம்பி. நாளைக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் போட்டிருப்பவருக்கு நாற்பது பாட்டோடு அன்றைய டேட்டா காலி. அம்மா கேட்கும் மோனோ ஒலிப்பதிவில் இசைத்தட்டின் கரகரப்பு இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான். வயர் ஹெட்போன் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ரஹ்மானின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கிறவர் நீங்கள் என்றால் மேலே படிக்க வேண்டாம். ஆப்பிள் மியூசிக் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஓடும்.

சரி, நாளைக்கும் இருக்குமா என்ற கேள்வி. கூகுள் பிளே மியூசிக்கை 2020 கடைசியில் மூடினார்கள். ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவை விட்டுப் போனது. அதே வருடம் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூட முடிவுசெய்தது. கானா 2022-ல் இலவசக் கடையைச் சாத்திவிட்டு சந்தாவுக்கு மட்டும் என்று ஆனது. டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேனே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டுக்கே முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். சந்தா நின்றால் டவுன்லோடும் நிற்கும். வாடகை வீட்டில் ஆணி அடிப்பது மாதிரிதான்.

ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு என் பட்டியலை மாற்றிய அனுபவமும் உண்டு. அதற்கென்றே இருக்கும் ஒரு சேவையில் நானூறு பாட்டைக் கொடுத்தேன். அறுபது பாட்டு காணோம். மீதியில் சில, பெயர் சரி, ஆள் வேறு. சுசீலா பாட வேண்டிய இடத்தில் யாரோ வீணையில் வாசித்துக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்தில் பாடகரே இல்லாத கரோக்கி. ஒரு வாரம் இரவு இரவாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இனிமேல் சேர்க்கிற பட்டியல் எதுவானாலும், பாட்டு, படம், பாடியவர் மூன்றையும் ஒரு எக்செல் தாளிலும் போட்டுவைக்கிறேன். கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம்கூட இல்லை, அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஷூ பெட்டி. அப்பா 1980-களில் ரேடியோவிலிருந்து பதிவுசெய்த கேசட்டுகள், நாற்பத்து மூன்று. எந்த ஆப்பிலும் இல்லாத கச்சேரிகள். பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு வயர் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, கோப்புகளாக வைத்திருந்தேன். இவற்றையும் சேர்த்துக் கேட்க எந்த ஆப் விடும்?

ஸ்பாட்டிஃபை நம் கோப்பைத் தன் மேகத்தில், அதாவது இணையக் கிடங்கில், ஏற்றிக்கொள்ளாது; கம்ப்யூட்டரும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால் போனுக்கு இழுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. ஆப்பிள் ஒரு லட்சம் பாட்டு வரை ஏற்ற விடுகிறது, ஆனால் சந்தா இருக்கிற வரைக்கும்தான். யூடியூப் மியூசிக்கும் ஒரு லட்சம் வரை ஏற்ற விடுகிறது. அதில் பலருக்குத் தெரியாத விஷயம், நாம் ஏற்றிய பாட்டைக் கேட்க சந்தாவே வேண்டாம். விளம்பரம் வராது, போன் திரையை அணைத்தாலும் பாடும். பிரவுசரில் போய், நம் படத்தைத் தொட்டால் பதிவேற்றும் வழி இருக்கும். வேவ் வகை ஒலிக்கோப்பை ஏற்றுக்கொள்ளாது என்பதால் ஃபிளாக் வகைக்கு மாற்றிக் கொடுத்தேன். பெயரில் ராகம், தாளம், பாடியவர், வருடம் எல்லாம் நானே போட்டுக்கொண்டேன். முதல்முறையாக ஒரு ஆப்பில் 'தோடி' என்று தேடி தோடி மட்டும் வந்தது.

அதனால் யூடியூப் மியூசிக்கும் சேர்ந்த யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம். 2024 ஆகஸ்டில் 189 ரூபாயாக இருந்ததை ஒரேயடியாக 299 ஆக்கினார்கள், அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. தனி ஆளுக்கு 129-லிருந்து 149. ஆனால் மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நூறு, வீடியோவில் விளம்பரமும் இல்லை. அம்மா எப்படியும் நாள் முழுக்க யூடியூபில்தான் இருக்கிறார். சமையல், கோலம், சொற்பொழிவு. முக்கியமாக, மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்கு. சுசீலா பாதியில் நிற்பதில்லை. இன்னொரு நன்மையும் எதிர்பாராமல் வந்தது. அம்மாவின் காலைக் கவசமும் சுப்ரபாதமும் என் கணக்கில் ஓடியதால் முன்பெல்லாம் எனக்கு வரும் பரிந்துரை முழுக்க விபூதி வாசனையாக இருக்கும். டிசம்பரில் வரும் வருடாந்திரப் பட்டியல் என்னைப் பெரிய பக்திமான் என்று ஊருக்குச் சொன்னது. இப்போது அந்தப் புண்ணியம் அம்மா கணக்கிலேயே சேருகிறது.

குறை இல்லாமலில்லை. யூடியூப் மியூசிக்கில் ஒரு பாட்டைத் தேடினால் அசலோடு சேர்த்து கல்லூரி விழாவில் பாடியது, மெதுவாக்கியது, எதிரொலி சேர்த்தது எல்லாம் வரிசைகட்டும். அசலை அடையாளம் காணத் தெரிய வேண்டும். புதுப் பாட்டைக் கண்டுபிடித்துத் தருவதில் ஸ்பாட்டிஃபை கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. என் மகள் குடும்பத் திட்டத்தை வாங்கிக்கொண்டு, ஸ்பாட்டிஃபையின் இலவசக் கணக்கையும் வைத்திருக்கிறாள். தோழிகள் பட்டியல் அனுப்புவது அதில்தானாம். 2023-ல் இந்தியாவில் இலவசக் கணக்குக்கு நிறையக் கெடுபிடி வைத்து அப்புறம் கொஞ்சம் தளர்த்தினார்கள். எந்தக் கெடுபிடியும் அவளைத் தடுத்ததாகத் தெரியவில்லை. வகுப்பு முழுக்க ஒரே ஆப்பில் இருக்கும்போது அப்பாவின் எக்செல் கணக்கு எம்மாத்திரம். பழைய சினிமாப் பாட்டு மட்டும் போதும், காலர் டியூனும் வைக்க வேண்டும் என்கிற ஜியோ சிம்காரர்களுக்கு ஜியோசாவனே போதும், இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

போனே வேண்டாம் என்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சரிகம கேரவானைப் பாருங்கள். 2017-ல் வந்தது, ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கும், தமிழ்ப் பெட்டியும் உண்டு, ஐயாயிரம் பாட்டு உள்ளேயே இருக்கிறது. இணையமும் வேண்டாம், மாதச் சந்தாவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு பாட்டு வேண்டுமென்றால் அது வரும்வரை தாண்டிக்கொண்டே போக வேண்டியதுதான். என் அக்கா மாமியாருக்கு வாங்கிக் கொடுத்தாள். அவர் தேடுவதே இல்லை, வருவதைக் கேட்கிறார். எங்களில் நிம்மதியாகப் பாட்டு கேட்கிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

போன வாரம் அப்பாவின் கேசட் ஒன்றை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். ரேடியோவுக்கு முன்னால் ரிக்கார்டரை வைத்துப் பதிந்தது. காம்போதி ஆலாபனைக்கு நடுவில் மூன்று விசில், பின்னால் யாரோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம். இதைச் சுத்தம் செய்யும் மென்பொருள் இருக்கிறது, நீக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"அது நம்ம திருவல்லிக்கேணி வீட்டுக் குக்கர்டா. மூணு விசில்னா அன்னைக்குப் பருப்பு" என்றார். போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.